நீலம் போன துணி

என் வீட்டுக்காரருக்கு உதவி செய்யும் ஆசை வந்தாலே வீட்டில் ஏதாவது ஒன்று பாழாகும்.

"எல்லாத் துணியும் துவைச்சுட்டேன். சலவை சோடா போட்டு நல்லா ஊற வச்சேன்," என்றார், பெருமை பொங்க.

கொடியில், அப்பாவின் கருவிகளை நான் நீலத்தில் அச்செடுத்திருந்த துணி தொங்கியது. நீலத்தைத்தான் காணோம். வெளிறிய மஞ்சளில் ஏதோ பழந்துணி.

மெக்கானிக்காக இருந்த அப்பா இறந்த கையோடு, அவருடைய கருவிகளை அண்ணன் யாரையும் கேட்காமல் விலை பேசிவிட்டான். அன்றிலிருந்து அம்மா யாரோடும் சரியாகப் பேசுவதே இல்லை. வாங்கியவர் எடுத்துப் போவதற்குள் நான் ஒரு போர்வைத் துணியில் இரும்பு உப்புக் கரைசலைப் பூசி, இருட்டில் காயவைத்து, மேலே ஸ்பேனர், குறடு, சுத்தியல் எல்லாம் பரப்பி வெயிலில் வைத்தேன். தண்ணீரில் அலசியதும் வெயில் பட்ட இடம் நீலமானது, கருவிகள் கிடந்த இடம் வெள்ளையாக நின்றது. இனி அந்தப் படத்தை எடுக்கக் கருவிகள் இல்லை. சாயந்திரம் அம்மா எங்களோடு இருக்க வருகிறாள். அவள் அறையில் மாட்டத்தான் வைத்திருந்தேன்.

"சோடா பட்டா நீலம் போயிடும்ங்க!"

கத்தினேன். அழுதேன். மனுஷன் துணியை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு சமையலறைக்குப் போய் டீ போட்டு வந்தார்.

"முதல்ல இதக் குடி."

டம்ளரைப் பார்த்ததும் பொறி தட்டியது. அப்பாவின் இரும்பு மேசையில் டீ சிந்திய இடமெல்லாம் கன்னங்கரேலென்று கறை இருக்கும், தேய்த்தாலும் போகாது. நீலம் போனால் என்ன, இரும்பு இன்னும் துணியில்தானே இருக்கிறது?

"பால் ஊத்தாம, கசக்கக் கசக்க ஒரு அண்டா டீ போடுங்க. ஓடுங்க!"

ஆறிய டீயில் துணியை முக்கினோம். மஞ்சள் மெல்ல மெல்லக் கறுத்தது. கறுப்புக்கு நடுவே ஸ்பேனர்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. நீலத்தில் அவை ஆகாயத்தில் மிதந்தன. இப்போது கிரீஸ் படிந்த அப்பாவின் மேசையில் கிடந்தன. எனக்கு மறுபடி அழுகை வந்தது.

சாயந்திரம் அம்மா அதன் முன் வந்து நின்றாள். ஒவ்வொரு கருவியாக விரலால் தொட்டுக்கொண்டே போனவள், ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"பதினாலாம் நம்பர் ஸ்பேனரக் காணோமே."

"எனக்கும் கிடைக்கலம்மா."

"எப்படிக் கிடைக்கும்? கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து அந்த மனுஷன் அதத்தானே தேடிக்கிட்டிருந்தாரு!"

சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள்.