ருக்மணி பேரில் ஒரு பாலிசி

எண்பத்தொன்பதில் கிருஷ்ணப்பன் நஞ்சம்மாவைக் கட்டிக்கொண்டபோது அவள் மகள் ருக்மணிக்கு ஏழு வயது. பெற்ற அப்பா லாரி மோதி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கிருஷ்ணப்பனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். அதுவும் ஏதாவது வேண்டுமென்றால்தான்.

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அவன் லேத் ஓட்டினான். கல்யாணமான மாதமே கம்பெனி மருத்துவ அட்டையில் இருவரையும் சேர்க்கப் போனான். மனைவியைச் சேர்த்துக்கொண்டார்கள். அவளுடைய முதல் கல்யாணத்துப் பிள்ளைக்கு விதியில் இடமில்லையாம்.

நஞ்சம்மா பரவாயில்லை என்றாள். அவனுக்கு மனசு கேட்கவில்லை. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கோவிந்தப்பனிடம் போய் விசாரித்தான். ஐந்து வயது தாண்டிவிட்டால் பிள்ளை பேரில் தனியாகவே மெடிக்ளைம் எடுக்கலாம் என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமை விண்ணப்பத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

அதில் கேட்டிருந்த எதற்கும் கிருஷ்ணப்பனிடம் பதில் இல்லை. பிறந்த தேதியையும், மூன்று வயதில் அம்மை போட்டதையும் நஞ்சம்மா சொன்னாள். எடை யாருக்கும் தெரியவில்லை. அவன் ருக்மணியை சைக்கிளில் உட்காரவைத்து பஸ் ஸ்டாண்டு எடை மிஷினுக்குக் கூட்டிப்போனான். பதினெட்டு கிலோ. அவளுக்கு ஆசையாக இருந்ததால் இன்னொரு தடவையும் ஏறினாள்.

திரும்பி வந்ததும் அங்க அடையாளம் கேட்டார் கோவிந்தப்பன். ருக்மணி தானாகவே முடியை விலக்கி, காதுக்குப் பின்னால் ஒரு தழும்பைக் காட்டினாள். தேன்கனிக்கோட்டையில் மாட்டுவண்டியிலிருந்து விழுந்ததாம். அப்பா காப்பித்தூளை வைத்து அழுத்தி, அம்மாவிடம் சொல்லாதே என்றாராம். நஞ்சம்மாவுக்கே அது புதுச் செய்தி. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

உறவுமுறை என்ற இடத்தில், மகள் என்றே போட்டுவிடலாமா என்று கேட்டார் கோவிந்தப்பன். கிருஷ்ணப்பன் குழந்தையைப் பார்த்தான்.

"என்னன்னு எழுதலாம், கண்ணு?"

அவள் யோசித்தாள். "எங்கப்பாதான் செத்துட்டாருல்ல. நீ மாமா."

அவனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் சொன்னதில் பொய் இல்லை.

"சம்சாரத்தோட மகள்னே எழுதுங்க சார். பொய்ய எழுதி, நாளைக்கு அவளுக்கு ஒதவாமப் போயிடக் கூடாது."

ஆபீசில் கேட்டுவிட்டு, அப்படியே ஏற்றுக்கொள்வார்கள் என்று வந்து சொன்னார் கோவிந்தப்பன். மூன்றாவது வாரம் பாலிசி தபாலில் வந்தது. தபால்காரர் ருக்மணி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அவள் வாசலுக்கு ஓடினாள்.

ஐப்பசி மழையில் அவளுக்கு டைஃபாய்டு கண்டது. நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். இரண்டாம் நாள் ஷிப்ட் முடிந்து மத்தியானம் கிருஷ்ணப்பன் வந்தபோது, நஞ்சம்மா கட்டிலருகே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ருக்மணி அவனைக் கிட்டே வரச் சொல்லி, காதில் மெதுவாகச் சொன்னாள்.

"அம்மாவ வூட்டுக்கு அனுப்பு. அழுதுகினே இருக்குது. நீ இரு."

அவன் நான்கு நாள் லீவு போட்டான். ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டினான். பாதியை அவனே தின்ன வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். ஆஸ்பத்திரி செலவை இன்சூரன்ஸ்காரர்கள் இரண்டு மாதம் கழித்துக் கொடுத்தார்கள். அதற்குள் அவள் தேறி, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள்.