யாரும் மோதாத ஆட்டக்காரன்

ரோப்பே பழையபடி திரும்பி வந்துவிட்டான் என்று ஹார்யுலா ஊரே சொன்னது. பேப்பரில் போட்டார்கள். பெட்ரோல் பங்கில் காப்பி ஊற்றுகிறவள் சொன்னாள். பல் டாக்டர் அவன் வாயைத் திறக்க வைத்து, பதில் சொல்ல முடியாத நேரமாகப் பார்த்துச் சொன்னார். ரோப்பேவுக்கு மட்டும்தான் அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

கோல் விழுந்தது உண்மை. அவன் மட்டையிலிருந்து கிளம்பிய பக், அந்த ரப்பர் வட்டு, வலைக்குள் போய்க்கொண்டேதான் இருந்தது. ஜனவரியிலிருந்து அணியில் அவனைவிட அதிகம் அடித்தவர் யாருமில்லை. ஆனால் அவன் மேல் ஒருத்தனும் மோதவில்லை. ஐஸ் ஹாக்கியில் இடி வாங்காமல் ஆடி முடிப்பது, கல்யாண வீட்டுக்குப் போய் யாரும் சாப்பிட்டாயா என்று கேட்காமல் திரும்பி வருவது மாதிரி. சந்தோஷப்படவா, சந்தேகப்படவா?

அடிபட்டது போன வருஷக் குளிர்காலத்தில். மூலையில் கிடந்த பக்கை எடுக்கப் போனவன் மேல் கல்லியோலா அணியின் சாமுலி வந்து மோதினான். ரோப்பே கடைசி நொடியில் திரும்பித் தொலைத்ததால் தோளில் விழவேண்டிய இடி முதுகில் விழுந்தது. தலை, களத்தைச் சுற்றி அடித்திருக்கும் பலகையில் முட்டி, கழுத்து எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. சாமுலி அந்நியன் இல்லை. இதே ஊரில் அடுத்த தெருவில் வளர்ந்தவன், சின்ன வயசில் ஒரே அணி. ஆஸ்பத்திரிக்கு வந்து வாயே திறக்காமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். போகும்போது ரோப்பேவுக்குச் சுத்தமாகப் பிடிக்காத உப்பு மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றைத் தலைமாட்டில் வைத்தான். இந்தப் பக்கத்து ஆட்கள் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான்.

எலும்பு சேர்ந்து பயிற்சிக்கு வந்தபோது மஞ்சள் சட்டை கொடுத்தார்கள். மஞ்சள் போட்டவன் மேல் யாரும் மோதக்கூடாது. டிசம்பரில் டாக்டர், இனி தேவையில்லை, கழுத்து முன்னைவிட உறுதி என்று சொல்லிவிட்டார். ரோப்பேவும் கழற்றிவிட்டான். மற்றவர்கள் கண்ணுக்கு அந்தச் சட்டை இன்னும் தெரிகிறதோ என்பதுதான் இப்போது அவனை அரித்தது. பாவம் என்று விடுகிறார்களா? இல்லை, எவன் கைக்கும் சிக்காத அளவுக்கு வேகம் கூடிவிட்டதா? காலையில் பல் தேய்க்கும்போது வேகம் என்றிருக்கும். காரை எடுப்பதற்குள் பாவமாகிவிடும்.

பாவம்தான் என்றால் ஆட்டத்தை விட்டுவிடுவது என்று அவன் முடிவு கட்டியிருந்தான். ஊர் போடும் இரக்கத்தில் கோல் அடித்துச் சம்பளம் வாங்குவதற்குப் பதில், அப்பாவின் மரக்கடையில் போய்ப் பலகை தூக்கலாம். ஆனால் அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டுமே. சனிக்கிழமை பிளே ஆஃப், பட்டத்துக்கான கடைசிச் சுற்று, ஆரம்பம். அதில் பெற்ற தாய் குறுக்கே வந்தாலும் எவனும் வழிவிட மாட்டான். முதல் ஆட்டமே கல்லியோலாவோடு, அதாவது சாமுலியோடு.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் ஏத்துவிடம் போனான். ஏத்து தடுப்பாட்டக்காரன், கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு, இவனுடைய நெருங்கிய கூட்டாளி.

"என்னை ஒரு தடவை இடிடா."

"எதுக்கு?"

"சும்மாதான். மூலையில வெச்சு, பலமா."

"காலையில என்னத்தக் குடிச்ச?"

"விளையாடாத. நெஜமாத்தான் கேக்கறேன்."

"நானும் நெஜமாத்தான் சொல்றேன். உன்னை இடிச்சா உன் பொண்டாட்டி ஹென்னா என்னை உசுரோட விடுவாளா? போடா, போய்க் கோல் போடுற வழியப் பாரு."

இதைச் சொல்லும்போது ஏத்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மட்டைக்கு டேப் சுற்றுவதே பெரிய காரியம் என்பதுபோல் சுற்றிக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுச் சௌனாவில், அந்த நீராவிக் குளியலறையில், சூடான கல் மேல் தண்ணீர் ஊற்றிவிட்டு, மனைவி ஹென்னாவிடம் அதே கேள்வியைப் போட்டான்.

"எல்லாரும் என்னைப் பாவம்னு விடறாங்களா?"

"விட்டா என்ன கெட்டுப்போச்சு?"

"ஹென்னா."

"நீ மூலைப்பக்கம் போறப்பல்லாம் நான் கண்ண மூடிக்கறேன். தெறந்து பாத்தா நீ வேற எங்கயோ நிக்கற. எனக்கு அது போதும்பா."

"வேற எங்கயோன்னா?"

"வேற எங்கயோன்னா வேற எங்கயோ. தள்ளு, நான் வெளிய போறேன், சூடு தாங்கல."

ரோப்பே தனியாக உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தான். கேட்பதற்கு முன்பு இருந்ததைவிட இப்போது குழப்பம் கூடியிருந்தது.

சனிக்கிழமை அரங்கம் நிறைந்து வழிந்தது. பயிற்சியாளர் பெந்த்தி ஒவ்வொருவனுக்கும் அவனவன் வேலையைச் சொல்லிக்கொண்டு வந்தார். இவனிடம், "நீ அவங்க கோல் முன்னாடி நில்லு. மூலையில கெடக்கறத ஏத்து பாத்துப்பான்" என்றார். ரோப்பே அப்படியே நின்றான். மூன்று பகுதியில் முதல் பகுதி முடிவதற்குள் ஒரு கோலும் போட்டான். கூட்டம் அவன் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது.

ஆனால் இரண்டு முறை பக் மூலைக்கு உருண்டபோது அவனும் போனான், சாமுலியும் பின்னால் வந்தான். இரண்டு முறையும் இவன் மேல் இடி விழவில்லை. அடுத்து நடுவர் பக்கைப் போடுவதற்காக இருவரும் அருகருகே குனிந்து நின்றபோது ரோப்பேவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டா என்னை விட்ட? பிச்சை போடறியா?"

சாமுலிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் எங்கடா விட்டேன்? ரெண்டு தடவையும் முழு வேகத்துல வந்தேன். நீ அங்க இல்ல."

"என்ன உளர்ற?"

"பக்கை விட்டுட்டு முன்னாடியே கெளம்பிடற. நான் பலகையத்தான் இடிச்சேன். தோள் வலிக்குது, தெரியுமா?"

பக் விழுந்தது. ரோப்பேவின் மட்டை அசையவே இல்லை.

எதிரணி ஆட்டக்காரன் வாய்க்கு வந்ததைச் சொல்லி ஆளைக் கலைப்பது இந்த ஆட்டத்தில் பிழைப்பு. சாமுலியும் அந்த வேலையைத்தான் காட்டினானோ? இடைவேளையில் உடைமாற்றும் அறையில் ஏத்துவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். பனியில் ஊறிய கையுறையைக் கழற்றக்கூட இல்லை.

"மூலையில நான் முன்னாடியே கெளம்பிடறேனா?"

ஏத்து தண்ணீர்ப் பாட்டிலைத் தேடினான். அது அவன் கையில்தான் இருந்தது.

"ஏத்து."

"ஆமா."

"எப்பலேருந்து?"

"மஞ்சச் சட்டையக் கழட்டுனதுலேருந்து."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"பெந்த்திக்கு?"

"அவருக்குத் தெரியாம என்ன? அதனாலதான என்னை அங்க அனுப்பறாரு."

"ஏண்டா ஒருத்தனும் சொல்லல?"

"நீதான் கோல் மேல கோல் போட்டுக்கிட்டிருந்தியே. என்னன்னு சொல்றது?"

ரோப்பேவுக்கு அவமானம் காது வரை ஏறியது. யார் மேலோ போட்டிருந்த பழி, ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்து அவன் காலடியிலேயே நின்றது. மனசு சொல்லாமலே கால் தானாகத் திரும்பியிருக்கிறது. அதுகூடத் தெரியாமல் எவனெவனோ பரிதாபப்படுகிறான் என்று அவன் தூக்கம் கெட்டிருக்கிறான். ஏத்துவின் விலாவில் கன்றிப்போயிருந்த நீலத் தடங்களை அப்போதுதான் சரியாகப் பார்த்தான். அதில் பாதி இவனுக்கு விழுந்திருக்க வேண்டியவை.

கடைசிப் பகுதியில், இரண்டுக்கு இரண்டு என்று ஆட்டம் நின்றபோது, பக் மறுபடியும் மூலைக்குப் போனது. ஏத்து தூரத்தில் இருந்தான். ரோப்பே கிளம்பினான். பின்னால் ஸ்கேட் பனியைக் கிழித்துக்கொண்டு வரும் சத்தம். உள்ளே கால் மெல்லத் திரும்ப ஆரம்பித்ததை இந்த முறை அவன் கையும் களவுமாகப் பிடித்தான். பிடித்துவிட்டானே தவிர, நிறுத்துவது எப்படி என்று தெரியவில்லை. கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிக்கொண்டு, தோளைப் பலகையோடு ஒட்டிவைத்துக் குனிந்தான்.

சாமுலி தோளோடு தோளாக வந்து விழுந்தான். குறை சொல்ல முடியாத இடி. ரோப்பே கீழே கிடந்தான். அரங்கத்தில் சத்தம் அப்படியே நின்றுபோனது. கால் கட்டைவிரலை ஆட்டிப் பார்த்தான், ஆடியது. கையை ஆட்டினான், அதுவும் ஆடியது. எழுந்து உட்காருவதற்குள் எதிர்ப்பக்கம் சத்தம் கேட்டது. அவன் விட்ட பக்கை எடுத்துக்கொண்டு போய்க் கல்லியோலா கோல் போட்டுவிட்டது.

தட்டுத்தடுமாறி பெஞ்சுக்கு வந்தான். ஏத்து அவன் ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டினான்.

"கழுத்து?" என்றார் பெந்த்தி.

"இருக்கு."

"உன்ன எங்க நிக்கச் சொன்னேன்?"

"கோல் முன்னாடி."

"அங்கயே நின்னிருந்தா திரும்பி வந்து தடுத்திருப்ப, இந்தக் கோல் விழுந்திருக்காது."

"விழுந்திருக்காது."

"அடுத்த தடவை எங்க போவ?"

ரோப்பே பதில் சொல்ல வாயெடுத்தான். உள்ளே இருப்பது பயமா, சந்தோஷமா என்று பிடிபடவில்லை, இரண்டும்தானோ என்னவோ. பக் மூலைக்குப் போனால் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்று சத்தியமாக அவனுக்குத் தெரியாது.

"தெரியல பெந்த்தி," என்றான். "போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

பெந்த்தி ஒதுங்கி வழிவிட்டார். ரோப்பே பலகையைத் தாண்டி இறங்கினான்.