மூன்று முறை துடைத்த தகடு

"ஃபேனை நிறுத்து கிறிஸ்டி, காத்து காஸைத் தள்ளிக்கினு போவுது!"

"ஃபேன் சுவரப் பாத்துக்கினு இருக்குதுங்க. உங்க வாய்க்காத்துதான் இந்தப் பக்கம் அடிக்குது."

டேனியல் சிரித்துவிட்டு வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொண்டான். அது சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆம்பூரிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பட்டறையில் பாதி வேலை அப்படியே கிடந்தது. ஷூ தொழிற்சாலைக்குப் பத்துத் தண்ணீர்த் தட்டுகள்; தண்ணீர் நிற்க வேண்டிய வேலை பட்டறைக்கு இதுவே முதல். ஒரு மில்லிமீட்டர் ஸ்டீல் தகட்டை மடித்து, மூலைகளை, வெளிக்காற்றுப் படாமல் காக்கும் ஆர்கான் காஸில் வெல்டிங் அடித்து ஒட்ட வேண்டும். ஒட்டின இடமெல்லாம் எறும்பு கடித்தாற்போல் ஊசித் துளைகள். தண்ணீர் ஊற்றினால் அடியில் வியர்த்தது.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள் அவன் மனைவி கிறிஸ்டினா பட்டறையைத் திறந்தாள். ஆறு வருஷமாக அவன் பக்கத்திலேயே நின்று வெல்டிங் அடித்தவள். மூலை வேலையில் அவள் கைதான் சுத்தம் என்று டேனியல் ஊரெல்லாம் சொல்வான், அவளிடம் மட்டும் சொல்ல மாட்டான்.

தொழிற்சாலையிலிருந்து செந்தில்குமார் வந்தான். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. வெள்ளிக்கிழமை காலைல ஒரு தட்டு காட்டுங்க. முந்தின நாள் ஊத்தின தண்ணி அப்படியே நிக்கணும். இல்லன்னா மேல இருக்கறவங்க வாணியம்பாடில குடுத்துடுவாங்க." அந்த ஒரு தொழிற்சாலைதான் பட்டறைக்குச் சோறு. அது போனால் ஷட்டரை இறக்கிவிட்டுப் போக வேண்டியதுதான்.

முதலில் டேனியலுக்கு மரியாதை செய்து ஃபேனை நிறுத்தினாள். வேர்த்து ஊற்றியது, துளையும் வந்தது. காஸை ஜாஸ்தியாகத் திறந்தாள். அது சுழித்து வெளிக்காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டது போல, துளை இன்னும் பெருகியது. பழைய அளவுக்கே குறைத்தாள். காஸ் குழாயில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தாள், ஒரு குமிழிகூட இல்லை. ஒட்டில் உருக்கிச் சேர்க்கும் கம்பியைப் புதிதாக வாங்கினாள். துளைகள் அவளைப் பார்த்துக் கண் சிமிட்டின.

டேனியலின் சட்டத்தை மட்டும் அவள் மீறவில்லை: துடைக்காமல் நெருப்பைக் காட்டாதே. முதலில் பெயின்ட் கரைக்கிற தின்னர், அப்புறம் மெத்தென்ற தோல் துண்டால் மூன்று முறை. ஆம்பூரில் துடைக்கிறதுக்கு யார் துணி வாங்குகிறார்கள்? பக்கத்துக் கையுறைக் கடையில் வெட்டுத் தோல் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

புதன்கிழமை அந்தக் கடைக்காரி அஜீஸுன்னிசாவே டீயோடு வந்தாள்.

"இன்னாம்மா, தகட்டுக்குத் தைலமா தேய்க்கிற?"

"துடைக்கிறேன்க்கா."

"இதுலயா? இது எண்ணெய் குடிச்ச தோலும்மா. பின்ன, சும்மாவா இவ்ளோ மெத்துனு இருக்கும்?"

கிறிஸ்டினா, தோலால் துடைத்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். சேப்பங்கிழங்கு இலையில் விட்டது போல உருண்டு ஓடியது. தின்னர் மட்டும் பட்ட இடத்தில் ஒரு சொட்டு. அது பரவிப் படிந்தது. தோல் விட்டுப்போன எண்ணெய்தான் நெருப்பில் புகைந்து துளை போட்டிருக்கிறது.

"அக்கா, அவரு மூணு தடவ துடைப்பாரு. துளை வந்தா அஞ்சு தடவ!"

"அடப் பாவமே, துடைச்சுத் துடைச்சே பேஜாரா போனாரா!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். "பாத்தீங்களா, ஃபேன் மேல ஒரு குத்தமும் இல்ல," என்று பழக்கத்தில், டேனியல் உட்காரும் முக்காலியின் பக்கம் திரும்பிவிட்டாள் கிறிஸ்டினா. ஜெயித்ததை ஒத்துக்கொள்ள ஆளில்லை. அஜீஸுன்னிசா டீயை அவள் பக்கம் நகர்த்தினாள்.

வியாழக்கிழமை பழைய பருத்திப் புடவையைக் கிழித்தாள். தகட்டையும் கம்பியையும் தின்னரில் துடைத்தாள். ஒருமுறை தொட்ட துண்டு மறுமுறை தகட்டில் படவில்லை. வெல்டிங் தையல், மீன் செதில் அடுக்கினாற்போல் வந்தது. தட்டின் அடியில் செய்தித்தாளை விரித்து, தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டு, மேலே பிளாஸ்டிக் தாளைக் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை செந்தில்குமார் முட்டி போட்டு, செய்தித்தாளை உருவித் தடவிப் பார்த்தான். மொறமொறவென்று இருந்தது. பிளாஸ்டிக் தாளை விலக்கினான்.

தண்ணீர் கோட்டிலேயே நின்றது.