பொருத்தனைக் கிடாவும் அறுபத்தொரு கிலோவும்

எபனேசர் மாஸ்டருக்குப் பயத்தைப் பற்றித் தெரியாத விஷயமே கிடையாது. பாளையங்கோட்டை சமாதானபுரத்தில், டயர் கடைக்கு மேல் மாடியில், வெகுகாலம் கராத்தே சொல்லிக் கொடுத்தவர். கராத்தேக்குக் கூட்டம் குறைந்ததும் போர்டை மாற்றி 'மிக்ஸட் மார்ஷியல் ஆர்ட்ஸ்' என்று எழுதிவிட்டார். உள்ளே அதே பாய், அதே மின்விசிறி. கூடுதலாக வந்தது ஒரு கம்பிக் கூண்டும் மாஸ்டரின் சொற்பொழிவும்தான். பயம் என்றால் என்னவென்றே தெரியாதவன்தான் ஃபைட்டர் என்று ஆரம்பித்தால், விடியற்காலையில் தாமிரபரணியில் கழுத்தளவு தண்ணீரில் நிற்பது, சம்மட்டியால் டயரை அடிப்பது, இமைக்காமல் சுவரை முறைப்பது என்று போய்க்கொண்டே இருக்கும். தங்கை மகன் ஹெப்ரானைக் கொண்டுவிட்டுக் கூட்டிவருகிற பாவத்துக்காக நான் இதைத் தினமும் கேட்டவன். "சரிதானே அண்ணாச்சி?" என்று முடிப்பார். சரி என்று சொல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து வரும்.

ஹெப்ரான் இதற்கெல்லாம் பதில் பேசுகிற ஆள் இல்லை. போன வருடம் மூக்கு உடைந்தபோது, பஞ்சைத் திணித்துக்கொண்டு, நாளைக்குப் பயிற்சிக்குப் போகலாமா என்று டாக்டரிடம் கேட்டவன். அவனுடைய முதல் தொழில்முறைச் சண்டை நாகர்கோவிலில், சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் எடை பார்ப்பார்கள். அறுபத்தொரு கிலோவைத் தாண்டினால் சண்டை கிடையாது. எதிராளி சிரித்துக்கொண்டே கேரளாவுக்கு பஸ் ஏறிவிடுவான். ஆகவே மாதக்கணக்கில் பயலுக்கு வெள்ளரிக்காயும் அவித்த முட்டையின் வெள்ளையும்தான். கடைசியில் தண்ணீரைக்கூடக் கொப்பளித்துத் துப்பினான்.

இந்த நேரம் பார்த்து என் தங்கை பியூலா பொருத்தனை பண்ணிவிட்டாள். பிள்ளை ஜெயிக்க வேண்டும், அதற்காகச் சபைப் பண்டிகை அசனத்துக்கு ஒரு கிடா தருகிறேன் என்று முழங்காலில் நின்று ஆண்டவரிடம் சொல்லியாயிற்று. சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அந்த அசனம் வியாழக்கிழமை சாயங்காலம். விடிந்தால் எடை. பிள்ளை ஜெயிப்பதற்காகக் கொடுத்த கிடாவைப் பிள்ளை தின்றால் கூண்டுக்குள்ளேயே போக முடியாது. இதை அவளுக்கு விளக்கி என் தொண்டை வறண்டது. தேதியைக் கமிட்டி எப்போதோ போட்டாயிற்று என்றாள். பொருத்தனை வீட்டார் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது சபை வழக்கம், பிள்ளை வராவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்றாள். கடைசியாக, "ஒரு வாய் தானேண்ணே" என்றாள்.

எங்கள் அசனத்தில் ஒரு வாயோடு எழுந்த மனிதன் இன்னும் பிறக்கவில்லை. விளம்புகிறவர்கள் விட மாட்டார்கள். அதிலும் கறி வாளி தேவசிகாமணி சாரிடம். ரிட்டயரான ஹெட்மாஸ்டர், ஊரில் பாதிப் பேரின் காதைத் திருகியவர். இலையில் மிச்சம் வைத்தவனை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் நிறுத்தி விசாரிப்பார்.

"நான் இருக்கேன் அண்ணாச்சி. பக்கத்துலயே உக்காந்துக்கிடுதேன். எவன் வைக்கான்னு பாப்போம்" என்றார் மாஸ்டர்.

வந்தார். இறுக்கமான கறுப்பு பனியனில் ஹெப்ரானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் இலைமேல் தன் உள்ளங்கையை விரித்து மூடிக்கொண்டார். போதகர் ஜெபம் பண்ணினார். சோறு வந்தது. வாளியும் வந்தது.

"எபனேசர், கைய எடுலே" என்றார் சார்.

எடுத்துவிட்டார். பயம் என்றால் என்னவென்றே தெரியாதவர் எட்டாம் வகுப்பில் சாரிடம் கணக்குப் படித்தவர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எடுத்த கையைச் சும்மா வைத்திருந்தாலும் பரவாயில்லை. தன் இலையில் விழுந்த கறியைப் பிசையத் தொடங்கிவிட்டார். நான் வாயைத் திறந்தேன். சார் என்னைப் பார்த்தார். நானும் சோற்றைப் பிசைந்தேன்.

அகப்பை ஹெப்ரானின் இலைக்கு நேராக வந்தது. எதிர் வரிசையில் பியூலா தன் சோற்றில் கைவைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயல் எழுந்து நின்றான்.

"வேண்டாம் சார்."

"ஒங்கம்மை பொருத்தனைலே இது. யாருக்கு வேண்டாம்ங்க? ஆண்டவருக்கா?"

பந்தியில் மெல்லுகிற சத்தம் நின்றுபோயிற்று. மாஸ்டர் மட்டும் ஒரு எலும்பை முடித்துக்கொண்டிருந்தார்.

"பயமாத்தான் இருக்கு சார். ஒங்களப் பாத்தாலும் பயம், அம்மையப் பாத்தாலும் பயம். நாளைக்கு எட ஏறிட்டா அதவிடப் பயம். வாளியத் தாங்க, நான் வெளம்புதேன்."

அசனத்தில் விளம்புகிறவன் எல்லாப் பந்தியும் எழுந்த பிறகுதான் சாப்பிட உட்காருவான். அதுவரை அவனைச் சாப்பிடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. தேவசிகாமணி சாரே கமிட்டியில் கொண்டுவந்த ஒழுங்கு அது. தன் சட்டத்தைத் தானே மீற முடியுமா? வாளியைக் கொடுத்தார்.

வெள்ளரிக்காயில் உயிர் வாழ்ந்தவன், ஆவி பறக்கும் கறியை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு பந்தி பந்தியாக நடந்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு கிழவர் இன்னும் ரெண்டு துண்டு கேட்டுவிட்டு, நல்லி எலும்பாகத் தேடிப் போடச் சொன்னார். குனிந்து தேடிப் போட்டான். ஆற்றில் கழுத்தளவு நிற்பதெல்லாம் இதற்கு முன் எம்மாத்திரம்?

பியூலாவிடம் வந்தபோது அவள் இலையைக் கையால் மூடிக்கொண்டு, தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினாள். அவன் நகரவில்லை. அடுத்த இலைக்காரர்கள் சோறு ஆறுகிறது என்று முணுமுணுத்தார்கள்.

"ஒரு வாய் தானேம்மா" என்றான்.

கையை எடுத்தாள். சிரிக்கவில்லை. முதல் உருண்டையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு, காரம் கூடுதல் என்று சமையல்காரரைத் திட்டினாள்.

கடைசிப் பந்தி எழுந்ததும் அவன் பங்கை அவளே வாங்கி வைத்துக்கொண்டாள். காலையில் சூடாக்கித் தூக்குச்சட்டியில் அடைத்து என் காரில் வைத்தாள். எடை பார்த்த பிறகு கொடுக்க வேண்டும் என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னாள், ஏதோ நான்தான் நேற்று ஊட்டிவிடப் பார்த்தவன் மாதிரி.

நாங்குநேரி தாண்டுவதற்குள்ளேயே மாஸ்டர் இரண்டு தரம் காரை நிறுத்தச் சொன்னார். வயிறு. நிறுத்தாத நேரத்தில் பயத்தைப் பற்றிப் பேசினார். வாளியைக் கேட்டு வாங்கியது அவர் கண்ணால் ஜாடை காட்டிய உத்தியாம். இனிமேல் எல்லாருக்கும் பயிற்சியில் அதைச் சேர்க்கப் போகிறாராம். "சரிதானே அண்ணாச்சி?" நான் ரோட்டைப் பார்த்தேன். மறுபடி முதலிலிருந்து வந்தது.

நாகர்கோவிலில் எடை அறுபத்தொன்றுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. ஹெப்ரான் இறங்கி, மண்டபத்து மூலையில் சம்மணம் போட்டு, பைய பையத் தண்ணீர் குடித்தான். பிறகு தூக்குச்சட்டியைத் திறந்தான். வாசனைக்குக் கேரளாக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

மாஸ்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வயிறு சரியாகிவிட்டதாம். ருசி பார்க்க ஒரே ஒரு துண்டு என்று கையை நீட்டினார்.

ஹெப்ரான் உள்ளங்கையை விரித்துச் சட்டியை மூடினான். மாஸ்டர் எவ்வளவோ பேசிப் பார்த்தார். அந்தக் கை நகரவில்லை.