அலங்காரப் பூசணி

பதினோராவது நாளாக அதே மஞ்சள் கூழ். கிண்ணம் என் முன்னால் வந்தபோதே மேலே ஆடை படிந்து சுருங்கியிருந்தது. ஸ்பூனால் தொட்டதும் ஆடை முழுசாக ஒரு பக்கம் ஒதுங்கியது.  பல் டாக்டரிடம் உதவிக்கு நிற்பவள் நான். வாரத்தில் ஆறு நாள், அடுத்தவர் வாயிலிருந்து குழாய் எச்சிலை உறிஞ்சுவதைப் பார்த்துவிட்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியமாவது கொழகொழவென்று எதையும் பார்க்காமல் இருக்கலாம் என்றால், அதற்கும் கொடுத்து வைக்கவில்லை.

என் கணவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். எங்கள் ஊரில் குளிர் இறங்கிவிட்டால் பசை சரியாகப் பிடிக்காது, வேலை நின்றுவிடும். மூன்று மாதம் மனிதர் வீட்டோடுதான். சும்மா இருக்கத் தெரியாத கை. போன வருஷம் பால்கனியில் பழைய பெயிண்ட் வாளிகளை வரிசையாக வைத்துக் காய்கறி போட ஆரம்பித்தார். கடைக்குப் போகிற காசு மிச்சமாம். மிச்சமானதோ இல்லையோ, பாத்திரத் தொட்டிக்கு அடியில் உர வாளி ஒன்று வந்து உட்கார்ந்தது. தோலும் முட்டை ஓடும் அதில் கிடந்து அழுகும். மூடியைத் திறந்தால் வாடை தொண்டைவரை இறங்கும். அதிலிருந்து கிளம்புகிற பொடிக் கொசுக்கள் எங்கள் பல் பிரஷ் மேல் உட்காரும். எத்தனையோ நாள் அந்த வாளியைத் தெருவில் கொட்டிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் சம்பாத்தியம் இல்லாத அந்த மூன்று மாதத்தில், அவர் நிமிர்ந்து நிற்பது அந்தச் செடிகளுக்கு முன்னால் மட்டும்தான். வாயை மூடிக்கொண்டேன்.

பூசணிக்கொடி இரண்டு. ஒன்று, சமையலுக்கு வாங்கிய காயின் விதை. மற்றது என் உபயம். கிளினிக் வரவேற்பு மேஜையில் அழகுக்கு வைத்திருந்த குட்டிப் பூசணிகளைக் குப்பையில் போடப் போனார்கள். "எங்க வீட்டுக்காரர் விதை எடுப்பாரு, குடுங்க" என்று பெருமையாக வாங்கி வந்தேன். குளிருக்கு முன்பே பறித்து வைத்திருந்த முதல் கொடியின் காய்களைப் பாலில் வேகவைத்து, சர்க்கரையும் பட்டைத்தூளும் போட்டு, குளிருக்கு இதம் என்று பத்து நாள் ஊட்டித் தீர்த்துவிட்டார்.

"இன்னிக்கு உன் கொடியோட காய்," என்றார். சமைக்கும்போது ருசி பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. எங்களுக்குப் போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து எங்கள் முகத்தையே பார்ப்பார். கடைசியில் பாத்திரத்தை வழித்துத் தின்பார்.

ஒரு வாய் வைத்தேன். சர்க்கரையைத் தாண்டி அடிநாக்கில் ஒரு கசப்பு ஏறியது.

"கசக்குதும்மா," என்றாள் மகள். ஏழு வயசு.

அவர் முகம் சட்டென்று வாடியது. என்னைப் பார்த்தார். "கசக்குதா என்ன?"

"இல்லையே. பட்டை வாசனை அது. இவளுக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு நொட்டை. சாப்பிடுடி, அப்பா கஷ்டப்பட்டு பண்ணிருக்காரு."

அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுக் கிண்ணத்தையும் காலி செய்தாள். நான் என்ன செய்தேன்? கிண்ணத்தோடு சமையலறைக்குப் போய், உர வாளியில் கவிழ்த்து, மேலே நாலு உருளைக்கிழங்குத் தோலைப் போட்டு மூடினேன்.

அரை மணி நேரத்தில் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பாய், தலையணை, அவர் சட்டை எல்லாம் மஞ்சள் வாந்தி. பால்கனி வேலையை முடித்துவிட்டுத் தின்னலாம் என்று வைத்திருந்த மீதியை அப்படியே போட்டுவிட்டு, கீழ்வீட்டு நர்சம்மாவைக் கூட்டி வந்தார். அந்தம்மா நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், என்ன சாப்பிட்டாள், விதை எங்கே கிடைத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அழகுக்கு வைக்கிற பூசணியா? அது திங்கிற ஜாதியே இல்லைங்க, வயித்துக்கு விஷம். உப்பு சர்க்கரை போட்டுத் தண்ணி குடுத்துட்டே இருங்க. இன்னொரு தடவை எடுத்தா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "வாயில வெச்சதுமே கசந்திருக்குமே. பெரியவங்க யாரும் சாப்பிடலையா?"

நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை. அந்த நாற்றத்தைவிட என் மேல்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

நர்சம்மா போனதும் அவர் மீதிக் கூழைக் கொட்ட உர வாளியைத் திறந்தார். கொட்டுகிற சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். உருளைக்கிழங்குத் தோலை விரலால் ஒதுக்கியபடி நின்றிருந்தார். அடியில் என் பங்கு, ஒரு வாய் மட்டும் குறைந்து, அப்படியே கிடந்தது. மூடியை மெல்ல வைத்து அழுத்தினார்.  திட்டியிருந்தால் பரவாயில்லை.

பொழுது சாய்வதற்குள் வாந்தி நின்றுவிட்டது. டம்ளர் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கரைத்து, ஒரு ஸ்பூன் எடுத்து மகளின் உதட்டருகே கொண்டுபோனேன்.

"குடிடா. நல்லாருக்கும்."

அவள் உதட்டைத் திறக்கவில்லை.

"நீ குடி மொதல்ல."

குடித்தேன். அவள் கண் என் வாயிலிருந்து தொண்டைக்கு இறங்கி, அங்கேயே நின்றது.

"ஆ காட்டு," என்றாள்.