கரடியைத் திட்டிய நாள்

என் கணவர் பேக்கரி வைத்திருக்கிறார். ஒரு ஈயைக்கூட அதட்டத் தெரியாதவர். எங்கள் வீட்டில் அதட்டல் என் இலாகா. அப்படிப்பட்ட மனுஷர், விற்காத பன்களை மாதக்கணக்கில் கடைக்குப் பின்னால் ஒரு கரடிக்குப் போட்டு வந்திருக்கிறார். பன் தட்டைக் கவிழ்த்துத் தட்டினால் காட்டிலிருந்து இறங்கி வந்துவிடுமாம். அது பட்டப்பகலில் பள்ளிக்கூடத்துச் சந்தில் வந்து நின்ற பிறகுதான் எனக்கே விஷயம் தெரிந்தது.

என் தம்பி வனக்காவலன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"இன்னொரு தடவை தெருவுக்குள்ள வந்தா சுடச் சொல்லி உத்தரவு, மாமா. அதுக்குள்ள அதுக்கு மனுஷங்கன்னா பயம் வரணும். வேற யாரு விரட்டினாலும் உங்ககிட்டதான் ஓடி வரும். நீங்களே விரட்டுங்க."

"நானா?" என்றார். முகம் செத்துப்போயிற்று.

"பாசத்தைக் கொட்டினீங்கல்ல? இப்ப அனுபவிங்க," என்றேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் கரடி கடைக்குப் பின்னால் வந்தது. தம்பி வெடிச்சத்தம் போடும் துப்பாக்கியோடு அவர் பக்கத்தில் நின்றான். நான் ஜன்னலுக்கு உள்ளே. இவர் பதற்றத்தில் கையில் கிடைத்த பன் தட்டை எடுத்து டமடமவென்று அடித்தார். அட கடவுளே, அது சாப்பாட்டு மணியாச்சே! கரடி ஆசையாக முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

"தட்டைப் போடுங்க மாமா! குரல் கொடுங்க!"

போட்டுவிட்டார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிறகு திடீரென்று, "எத்தனை தடவை சொல்றது? அறிவிருக்கா உனக்கு? என் கண்ணு முன்னால நிக்காதே, போ!" என்று கத்தினார். எல்லாம் என் வசனங்கள். மரியாதையை மட்டும் கழித்துக்கொண்டார். இத்தனை வருஷமாக என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை எல்லாம் ஒன்று விடாமல் அதன் தலையில் கொட்டினார். தம்பி வெடியைப் போட்டான். கரடி மிரண்டு மேட்டில் ஏறியது. பாதியில் நின்று அவரைத் திரும்பிப் பார்த்தது.

அவர் குனிந்து ஒரு கல்லை எடுத்து அது இருந்த பக்கம் வீசினார். கரடி புதருக்குள் போய்விட்டது.

அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மிச்சப் பன்களைப் பூட்டுப் போட்ட குப்பைத் தொட்டியில் நான்தான் கொட்டினேன். "அது என்னை என்னன்னு நெனச்சிருக்கும்?" என்று கேட்டார்.

ஒரு வாரம் கழித்து, மூச்சிரைக்கக் கடைக்குள் வந்தார்.

"மேட்டுப் பாதையில பாத்தேன்! என்னைப் பாத்ததும் திரும்பி ஓடிடுச்சு!"

முகமெல்லாம் சிரிப்பு, கன்னமெல்லாம் கண்ணீர். மாவுக் கையோடு அவரைக் கட்டிக்கொண்டேன்.