குண்டனும் இருபத்திரண்டு படியும்

எங்கள் வீடு முதல் மாடியில். வெளிப்பக்கமாக இருபத்திரண்டு படி, நடுவில் ஒரு திருப்பம். எங்கள் நாய் குண்டன் முப்பத்தைந்து கிலோ. இடுப்பு மூட்டு பிறவியிலேயே சரியாகப் பொருந்தாததால் ஆறு வயதிலேயே பின்னங்கால் தள்ளாட ஆரம்பித்துவிட்டது. என் வீட்டுக்காரர்தான் அதைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குவார். எனக்குத் தலைவலி என்றால் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துத் தராத மனுஷன். ஒரு நாள் அவர் முதுகும் பிடித்துக்கொண்டது.

அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டேன், நாய் கொழுந்தன் வீட்டுக்குப் போகட்டும் என்று. அவருக்குத் தரைத்தள வீடு, தோட்டமும் உண்டு. ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காரோடு வருவதாகச் சொன்னார். அதற்குள் கடைசியாக ஒரு வைத்தியம் பார்த்துவிடலாம் என்று வீட்டுக்காரர் கெஞ்சினார். நாய்களுக்குக் கைரோபிராக்டிக், அதாவது முதுகெலும்பைக் கையாலேயே அழுத்திச் சரிசெய்யும் வைத்தியம், பார்க்கும் கால்நடை டாக்டரம்மா ஒருவர் இருந்தார். நெட்டி முறிக்கிறதுக்கெல்லாம் ஒரு படிப்பா என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்தார். குண்டனை ரப்பர் பாயில் இப்படியும் அப்படியும் நடக்கவிட்டார். பிறகு தரையில் உட்கார்ந்து, கழுத்திலிருந்து வால்வரை விரலால் தடவி, இறுகியிருந்த இடங்களில் சின்னதாக ஒரு அழுத்தம் கொடுத்தார். பின்பக்கம் யாரையும் தொடவிடாத நாய், பெருமூச்சு விட்டு அவர் மடியில் மோவாயை வைத்துக்கொண்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மூட்டின் அமைப்பை மாற்றத் தன்னால் முடியாது என்று ஒளிக்காமல் சொன்னார். வலிக்குப் பயந்து முதுகை விறைத்துக்கொண்டிருக்கிறது, அதை இளக்கினால் கால் தன் வேலையைச் செய்யும் என்றார். உட்காரவைத்து எழுப்பும் பயிற்சி, படிகளில் வழுக்காத விரிப்பு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, எங்களைப் பார்த்தார்.

"முழுசாத் தூக்கறத நிறுத்துங்க. நீங்க தூக்கத் தூக்க, அதுக்குக் கால் இருக்கறதே மறந்துடும்."

நான்கு முறை போனோம். பயிற்சியெல்லாம் என் தலையில் விழுந்தது. வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தால் படி இறங்கும். ஏறும்போது மட்டும் பாதிப் பாரம் என் கையில்.

அந்த ஞாயிறு காலை கொழுந்தன் வந்தார். வீட்டுக்காரர் அறையை விட்டு வரவில்லை. நான் துண்டைத் தேடுவதற்குள் குண்டன் தானாகவே இறங்கி, கார் பக்கத்தில் போய் வாலாட்டிக்கொண்டு நின்றது. எங்கே போகிறோம் என்று அதற்கு என்ன தெரியும்? நானும் பின்னாலேயே இறங்கிப் போனேன்.

"இறங்கறது பெரிசில்ல அண்ணி. ஏறணுமே," என்றார் கொழுந்தன், கார்க் கதவைத் திறந்தபடி. நியாயமான பேச்சுதான்.

நான் விறுவிறுவென்று மேலே போய், கடைசிப் படியில் நின்று கூப்பிட்டேன். குண்டன் காரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. திரும்பி ஏற ஆரம்பித்தது. பத்தாவது படியில் பின்னங்கால் நடுங்கியது. திருப்பத்தில் உட்கார்ந்தேவிட்டது. என் குரல் கேட்டு வந்த வீட்டுக்காரர் அதைத் தூக்க இறங்கப் போனார். கையை நீட்டித் தடுத்தேன்.

"சும்மா இருங்க. அவனே வருவான்."

அவன் எழுந்தான். ஒவ்வொரு படிக்கும் நின்று, மூச்சிரைக்க மேலே வந்து என் காலடியில் பொத்தென்று படுத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் மறைக்கவில்லை.

கீழே கொழுந்தன் இன்னும் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கதவச் சாத்துங்க தம்பி," என்றேன். "இவன் எங்கயும் வரல."